ஆளுக்கொரு பொத்தான்

மனிதனை மனிதன் கொல்லலாமா கூடாதா என்று தீர்மானிக்க அரசாங்கம் ஓர் ஆணையம் போட்டது. ஆணையத்துக்குக் கார் கொடுத்தது. கார் என் கடை வாசலில் பஞ்சர் ஆனது. அறத்துக்கும் எனக்கும் சம்பந்தம் ஏற்பட்டது இப்படித்தான்.

காரிலிருந்து இறங்கியவர் ஆணையத்தின் செயலாளர். நான் சக்கரத்தைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் உருட்டி, குமிழி எங்கே கிளம்புகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"பெரியவரே, என்ன படிச்சிருக்கீங்க?"

"மூணாவது. அதுவும் பாதியில நிறுத்திட்டாங்க."

"அருமை" என்றார். "எங்க ஆணையத்துல நீதிபதி இருக்காரு, பேராசிரியர் இருக்காங்க, டாக்டர் இருக்காரு. பொதுஜனம் மட்டும் கிடைக்கல. விளம்பரம்கூடக் கொடுத்துப் பார்த்தோம். வந்தவன் எல்லாம் டிகிரி முடிச்சிருக்கான். உங்கள மாதிரி நேர்மையான ஆளுதான் வேணும்."

"நான் நேர்மையானவன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"படிக்கலன்னு இப்பதானே சொன்னீங்க."

இந்த மாதிரி ஆட்களை எனக்குத் தெரியும். பேசிக்கொண்டே கூலியைக் குறைப்பார்கள். போய்யா உன் வேலையைப் பார்த்துக்கொண்டு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், "கொள்கையைத்தான் விவாதிக்கிறோம். ஆனா கொள்கையைச் சோதிச்சுப் பார்க்க ஒரு ஆளு வேணும்ல? கைவசம் ஒருத்தர் இருக்காரு. இந்தத் தெருக்காரர்தான்னு கேள்விப்பட்டேன். வெல்டராம்" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

வெல்டரும் லேத்துக்காரரும் என் கடைக்கு எதிரே ஒரே ஷட்டருக்குள் தொழில் செய்தவர்கள். ஒருவர் கடைந்ததை மற்றவன் ஒட்டுவான். ஒரு மத்தியானம் ஏதோ வார்த்தை முற்றி, வெல்டர் கையில் இருந்த இரும்புக் கம்பியை வீசிவிட்டான். லேத்துக்காரர் தன் எந்திரத்தின் பக்கத்திலேயே விழுந்தார். எந்திரம் மட்டும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் அதை நிறுத்தியது நான்தான். வெல்டர் நேரே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து போனான். கோர்ட்டிலும் "நான்தான் செஞ்சேன்" என்றான். தூக்கு என்று தீர்ப்பானது.

என் மனசில் இதில் குழப்பம் எதுவும் இருக்கவில்லை. கொன்றவனைத் தொங்கவிட வேண்டும். லேத்துக்காரர் தங்கமான மனுஷன். என் ஜாக்கியின் மரை தேய்ந்தபோதெல்லாம் வெட்டிக்கொடுத்துவிட்டு, காசு என்றால் கையை ஆட்டிவிடுவார். வெல்டரும் கெட்டவன் இல்லைதான். கெட்டவன் இல்லை என்பதால் செத்தவர் எழுந்து வரப்போகிறாரா?

ஆணையத்தில் சேர்ந்த சேதியை வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரி சிரித்தாள்.

"நீங்க போயி என்ன பேசுவீங்க? இங்க எதைக் கேட்டாலும் 'சும்மா இரு'ங்கிற ஒரே வார்த்தைதான். அதையே அங்கயும் சொல்லுவீங்களா?"

"சும்மா இரு" என்றேன்.

ஆணையத்தின் கூடம் நல்ல குளுகுளுவென்று இருந்தது. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பெயர்ப்பலகை. என் முன்னால் 'பொதுஜனம்' என்று இருந்தது. தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. கண்ணை மூடியே கேட்பார், மூடியே தூங்குவார், எது எப்போது என்பது செயலாளருக்கு மட்டும் தெரியும். அவருக்கு இரண்டு பக்கத்திலும் இரண்டு பேராசிரியர்கள். ஒருவர் தூக்கு வேண்டும் என்பவர், மற்றவர் வேண்டாம் என்பவர். பெயர் வாயில் நுழையாததால் நான் ஒருவருக்கு வேணும் என்றும் ஒருவருக்கு வேண்டாம் என்றும் வைத்துக்கொண்டேன்.

வேணும் எழுந்தார்.

"ஓர் உயிரைப் பறித்தவன் உயிரோடு இருந்தால் உயிருக்கு என்ன மதிப்பு? உயிர் விலைமதிப்பற்றது. அதை இந்தச் சமுதாயத்துக்கு உணர்த்த ஒரே வழி, ஓர் உயிரை எடுத்துக் காட்டுவதுதான்!"

கைதட்டினார்கள். வேண்டாம் எழுந்தார்.

"கொலைக்குக் கொலை காட்டுமிராண்டித்தனம்! இதை நான் பல நாடுகளுக்குப் போய்ப் பேசியிருக்கிறேன். எல்லா இடத்திலும் நல்ல வரவேற்பு. 'தூக்கு ஒழிந்துவிட்டால் அப்புறம் எதைப் பற்றிப் பேசுவீர்கள்?' என்று என் மனைவி கேட்கிறார். அந்தத் தியாகத்துக்கும் நான் தயார். உடனடியாக அல்ல."

இதற்கும் கைதட்டினார்கள். அதே ஆட்கள்.

பக்கத்தில் இருந்த டாக்டரிடம் கேட்டேன். "இவங்க ரெண்டு பேருக்கும் ஆகாதா?"

"சேச்சே. ஒரே கார்லதான் வந்தாங்க. போன தடவை இவரு வேணும், அவரு வேண்டாம். ஒரே பக்கம் பேசினா அலுத்துப்போகும்ல, மாத்திக்குவாங்க."

தலைவர் கண்ணைத் திறந்தார். "பொதுஜனம் என்ன நினைக்கிறது?"

எழுந்து நின்றேன். "ஐயா, அந்த ஆளு சாவானா, மாட்டானா?"

கூடத்தில் யாரோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதுபோல எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள். தலைவர் பொறுமையாகச் சொன்னார். "பெரியவரே, நாம் இங்கே தண்டனையைப் பற்றிப் பேசுகிறோம். ஆளைப் பற்றி அல்ல. ஆளை நடுவில் கொண்டுவந்தால் விவாதத்தின் தரம் தாழ்ந்துவிடும்."

உட்கார்ந்தேன். தரத்தைத் தாழ்த்தியவன் என்று எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். காது சூடானது. ஒரு ஆள் சாவானா மாட்டானா என்று கேட்டதற்காக வெட்கப்பட்டேன். பின்னால் வெட்கப்பட வேண்டியதற்கெல்லாம் சேர்த்து அன்றைக்கே வெட்கப்பட்டு முடித்துவிட்டேன் போல.

இப்படிப் பல கூட்டங்கள் நடந்தன. கடைசியில் ஒரு சாயங்காலம், டீயும் பிஸ்கட்டும் வந்த பிறகு, தலைவர் முடிவைச் சொன்னார்.

"வேண்டும் என்பதிலும் நியாயம் இருக்கிறது. வேண்டாம் என்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆகவே இரண்டு நியாயத்தையும் சேர்த்து ஆணையம் முடிவு செய்கிறது: தண்டனை நிறைவேற வேண்டும். யாரும் கொல்லக் கூடாது."

வேணும் போய் வேண்டாமைக் கட்டிக்கொண்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சுற்றிலும் பார்த்தேன். விளங்காத முகம் ஒன்றுகூட இல்லை. நானும் தலையை ஆட்டினேன்.

அப்புறம்தான் பொத்தான் வந்தது. தூக்குமேடையில் அவன் நிற்கும் பலகையை யாரும் தள்ள வேண்டியதில்லை. கரண்டில் தானாகத் திறந்துகொள்ளும். அதற்கு ஐந்து அதிகாரிகளுக்கு ஐந்து பொத்தான். ஒன்றுதான் நிஜம். மற்றது பொம்மை. எது நிஜம் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே யாரும் கொன்றவர் ஆகமாட்டார்.

ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஐந்து அதிகாரிகளுக்கும் ஒரே வாரத்தில் முதுகுவலி வந்து லீவில் போய்விட்டார்கள். செயலாளர் கரும்பலகை முன்னால் நின்று எங்களுக்கு விளக்கினார்.

"பாவம்ங்கிறது தண்ணி மாதிரி. ஒரு அண்டாத் தண்ணியை அஞ்சு பேரு குடிச்சா வயிறு வெடிக்கத்தான் செய்யும். அதையே ஆளுக்கொரு மடக்குன்னு ஊரே குடிச்சா?"

"அண்டாத் தண்ணி குறையாதே ஐயா" என்றேன்.

"கணக்கெல்லாம் டாக்டர் பார்த்துக்குவாரு. நீங்க பொதுஜனமா இருங்க, போதும்."

டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார். "ஆளுக்கு ஒரு கொசு அடிச்ச அளவுதான் வரும். ஒரு குளியல் போட்டா சரியாயிடும்."

எங்கள் வட்டாரத்தில் வயது வந்த எல்லோருக்கும் ஆளுக்கொரு பொத்தான், அதிலும் ஒன்றுதான் நிஜம் என்று முடிவானது. ஊர் பயப்படும், எதிர்க்கும் என்றுதான் நான் நினைத்தேன். எதிர்ப்பு வந்தது. பொத்தான் கிடைக்காத பக்கத்து வட்டாரத்திலிருந்து வந்தது.

"அவங்களுக்கு மட்டும்தான் மனசாட்சி இருக்கா? எங்களுக்கு இல்லையா? எங்களையும் சேர்த்துக்கோ!" என்று ஊர்வலமே போனார்கள்.

எங்கள் தெருத் தையல்காரருக்கு எல்லோருக்கும் வெள்ளைக் கையுறை தைக்கும் வேலை கிடைத்தது. விரல் விரலாகத் தைத்தே அவருக்குக் கண் போனது. சலூன்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, ஆணையத்துல சொல்லி எனக்கு முன்வரிசையில போடச் சொல்லுங்க. பின்னாடி நின்னா ஒண்ணுமே தெரியாது" என்றார்.

லேத்துக்காரர் மனைவிக்கு மட்டும் பொத்தான் இல்லை. அந்தம்மா விறுவிறுவென்று என் கடைக்கு வந்தது.

"ஏன்ணே, செத்தது எம் புருஷன். ஊருல போறவன் வர்றவனுக்கெல்லாம் குடுத்திருக்காங்க. எனக்கு இல்லையாமே?"

"விதி அப்படிம்மா" என்றேன். "பகை இருக்கிறவங்க அமுக்கினா அது கொலையாம். பகை இல்லாதவங்க அமுக்கினாத்தான் தண்டனையாம்."

அந்தம்மா என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தது.

"பகையே இல்லாதவனுக்கு ஒருத்தனைக் கொல்ல எப்படிண்ணே மனசு வரும்?"

நான் ஒரு டயரை எடுத்துத் தட்டிப் பார்த்தேன். அதில் ஓட்டை எதுவும் இல்லை. அந்தம்மா போய்விட்டது.

தண்டனைக்கு முன்னால் குற்றவாளிக்கு ஏற்பாட்டை விளக்கிச் சொல்ல வேண்டுமாம். பெரியவர்கள் யாருக்கும் நேரம் இல்லை. பொதுஜனம் போகட்டும் என்றார்கள். சொல்ல வேண்டிய வாக்கியத்தைச் செயலாளர் என்னை மூன்று நான்கு தடவை சொல்ல வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்.

வெல்டர் சிறையின் பட்டறையில் இருந்தான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "வாங்கண்ணே!" என்றான். இளைத்திருந்தான். சிரிப்பு மட்டும் பழைய சிரிப்பு. "இடுப்பு எப்படி இருக்கு? இன்னும் குனிஞ்சுதான் டயர் கழட்டுறீங்களா?"

"அது கிடக்குது" என்று சொல்லிவிட்டு மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். "உன்னை யாரும் கொல்ல மாட்டாங்க. நீ மட்டும் செத்துடுவே."

அவன் அதை யோசித்தான். கிண்டல் செய்வான் என்று நினைத்தேன். செய்யவில்லை.

"கொஞ்ச நாளு நானும் அப்படித்தான்ணே எனக்குள்ள சொல்லிப் பார்த்தேன். நான் கொல்லல, கம்பிதான் போய்ப் பட்டுச்சுன்னு. எத்தனை தடவை வெச்சுப் பார்த்தாலும் ஒட்டல. விட்டுட்டேன்."

சுவரோரமாக இரும்பு ஸ்டாண்டுகள் வரிசை வரிசையாக நின்றன. இடுப்பு உயரம், உச்சியில் பொத்தானுக்கு ஒரு வட்டம். எல்லாம் அவன் கைவேலைதான். சிறையில் வெல்டிங் தெரிந்தவன் அவன் ஒருவன்தானாம்.

"கை ஓய்ஞ்சுபோச்சுண்ணே. எனக்கு இத்தனை பேரைத் தெரியும்னே எனக்குத் தெரியாது" என்றான். அப்புறம் சாதாரணமாகத்தான் கேட்டான். "உங்களுக்கும் பொத்தான் உண்டுல்ல?"

"எனக்கு இல்ல" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. வாய் முந்திக்கொண்டது. "நான் ஆணையத்துல இருக்கேன்ல. எங்களுக்கெல்லாம் கிடையாது."

"அப்படியா" என்றான். வரிசையில் ஒரு ஸ்டாண்டைத் தட்டினான். அது மட்டும் மற்றதைவிட ஒரு சாண் உயரம். "உங்களுக்குக் குனிஞ்சா பிடிச்சுக்குமேன்னு இதைக் கொஞ்சம் ஏத்தி வெச்சிருந்தேன். சரி விடுங்க. வேற உசரமான ஆளு யாருக்காவது ஆகும்."

வெளியே வந்தபோது வழிகாட்டி வந்த காவலர், "என்ன பெரியவரே, தலை சுத்துதா? உக்காருங்க" என்றார். உட்காரவில்லை. உட்கார்ந்தால் திரும்ப உள்ளே போய்விடுவேனோ என்று பயமாக இருந்தது.

தண்டனை நாளில் விளையாட்டு மைதானம் நிறைந்துவிட்டது. ஒரு கோடியில் மேடை. மைதானம் முழுக்க ஸ்டாண்டுகள். திரை போடுவதா வேண்டாமா என்று கடைசிவரை விவாதம் நடந்ததாம். திரை போட்டால் வெளிப்படைத் தன்மை கெடும் என்றார் ஒருவர். திரை இல்லாவிட்டால் அவன் நம்மைப் பார்ப்பான், மக்கள் மனம் புண்படும் என்றார் மற்றவர். ஆகவே திரை இல்லை. அவன் தலைக்கு மட்டும் ஒரு கறுப்புப் பை.

எங்கள் தெரு வரிசையில் என் இடம் எது என்று யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. மற்றதைவிட ஒரு சாண் உயரமாகத் தெரிந்தது. பக்கத்து ஸ்டாண்டு என் வீட்டுக்காரியுடையது. அவள் வரவில்லை. காலையில், "எனக்கு வயித்துவலின்னு சொல்லிடுங்க" என்றாள். "வலிக்குதா?" என்று கேட்டேன். "இன்னிக்கி பூரா வலிக்கும்" என்றாள்.

தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"நமது வரலாற்றில் இது ஒரு பொன்னாள். இன்று இங்கே ஒருவர் இறப்பார். ஆனால் அவரை யாரும் கொல்லவில்லை என்பதைப் பெருமையுடன் அறிவித்துக்கொள்கிறேன். இரத்தக்கறை படியாத சமுதாயம் என்று நாளைய தலைமுறை நம்மைப் பாராட்டும். அனைவரும் கையுறை அணிந்துகொள்ளவும்."

மணி அடித்தது.

நான் அமுக்கக் கூடாது என்று தீர்மானித்துத்தான் போயிருந்தேன். கட்டைவிரலைப் பொத்தானுக்கு மேலே சும்மா வைத்துக்கொண்டால் யாருக்குத் தெரியும்? ஆனால் படித்தவர்கள் என்னைப் போன்றவனையும் யோசித்து வைத்திருந்தார்கள். அமுக்கினால் ஸ்டாண்டில் ஒரு சின்ன பச்சை விளக்கு எரியும். எல்லா விளக்கும் எரிந்த பிறகுதான் நிஜப் பொத்தான் வேலை செய்யும், நிகழ்ச்சி முடியும். மைதானம் முழுக்கப் பச்சை பரவிக்கொண்டு வந்தது. எங்கள் வரிசையில் வந்து நின்றது.

ஒரு தொண்டர் ஓடி வந்தான். "ஐயா, உங்க லைட் எரியல."

"பார்க்கறேன்" என்றேன்.

"பார்க்க ஒண்ணும் இல்ல ஐயா, அமுக்கணும். உங்க ஒருத்தரால எல்லாரும் வெயில்ல நிக்கிறாங்க."

தலைகள் திரும்பின. பின்வரிசையில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. தையல்காரர், "அமுக்கித் தொலைங்கண்ணே. கடையைத் திறக்கணும்" என்றார். சலூன்காரர், "ஆணையத்துக்காரரே இப்படிப் பண்ணினா எப்படி?" என்றார். தூரத்தில் மேடையில் கறுப்புப் பையோடு அவன் நேராக நின்றுகொண்டிருந்தான். பலகையில் எங்கே நிற்கச் சொன்னார்களோ அங்கே காலைச் சேர்த்து வைத்திருந்தான்.

அமுக்கினேன். வெயிலைத் தவிர வேறு காரணம் இல்லை. குனிய வேண்டியிருக்கவில்லை. இடுப்பு வலிக்கவே இல்லை.

"பக்கத்துல உங்க வீட்டம்மாவா? வரலையா?" என்றான் தொண்டர். "பரவாயில்ல, குடும்பத் தலைவர் சேர்த்து அமுக்கலாம். விதி இருக்கு."

அதையும் அமுக்கினேன். முதலாவதுதான் கஷ்டம் என்று அப்போது தெரிந்தது.

கடைசிப் பச்சையும் எரிந்தது. எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்தோம்.

ஒன்றும் நடக்கவில்லை.

பலகை திறக்கவில்லை. அவன் நின்ற இடத்தில் நின்றான். நேரம் போனது. பைக்குள்ளிருந்து அவன் குரல், மேடை மைக்கில் பட்டு மைதானம் பூராவும் கேட்டது.

"சார், முடிஞ்சிருச்சா?"

செயலாளர் எலக்ட்ரீஷியனை இழுத்துக்கொண்டு வந்து அதட்டியதும் அதே மைக்கில்தான் கேட்டது.

"என்னய்யா ஆச்சு?"

"சார், எல்லாப் பொத்தானும் பெட்டி வரைக்கும் வந்திருக்கு. பெட்டியிலேருந்து பலகைக்கு ஒரு ஒயர் போகணும். அது போகல."

"ஏன் போகல?"

"அதைக் குடுக்கிறவனுக்கு எது நிஜப் பொத்தான்னு தெரிஞ்சிடும்ல சார். தெரிஞ்சா அவன்தான் கொன்னவன்னு ஆயிடும். யாரும் கொல்லக் கூடாதுன்னு உங்க விதி. அதனால அந்த வேலையை யாருக்கும் குடுக்க முடியாதுன்னு உங்க ஆபீஸ்லயே சொல்லிட்டாங்க."

ஊருக்கே புரிந்தது. அத்தனை பொத்தானும் பொம்மை. அத்தனை பேரும் அமுக்கியிருக்கிறோம். அத்தனை விளக்கும் இன்னும் எரிந்துகொண்டிருந்தது, அணைப்பதற்கு ஸ்விட்ச் வைக்கவில்லை. ஜெயிலர் அவன் தலைப்பையைக் கழற்றினார். கண் கூசி விழித்தான். அப்புறம் மைதானத்தைப் பார்த்தான். பச்சையைப் பார்த்தான். வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தான். எங்கள் தெரு வரிசைக்கு அவன் கண் வருவதற்குள் நான் கையுறையில் ஏதோ நூல் பிரிந்திருப்பதுபோல அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன்.

ஆணையம் மேடையிலேயே அவசரமாகக் கூடியது. தலைவர் மறுபடி மைக்குக்கு வந்தார்.

"தண்டனை செவ்வனே நிறைவேறிவிட்டது. சமுதாயம் தன் கடமையைச் செய்துவிட்டது. அதற்குப் பிறகும் அவர் சாகாமல் இருப்பது அவருடைய சொந்த விஷயம். ஒரே குற்றத்துக்கு இரண்டு தடவை தண்டிக்கச் சட்டத்தில் இடமில்லை. நன்றி."

வேணும், நீதி வென்றது என்றார். வேண்டாம், உயிர் வென்றது என்றார். இருவருக்கும் கேடயம் கொடுத்தார்கள். தூக்கில் போடப்பட்டவனுக்குச் சோறு போட வழியில்லை என்று சிறையில் அவன் பெயரை அடித்துவிட்டார்கள். பழைய துணியை மூட்டையாகக் கட்டிக்கொடுத்து வாசலில் விட்டார்கள்.

வீட்டுக்கு வந்தேன். அடுப்படியிலிருந்தே கேட்டாள்.

"அமுக்கினீங்களா?"

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன். வாசலுக்கு வந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னோடதை யாரு அமுக்கினா?"

"விதி இருக்குன்னாங்க" என்றேன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "இனிமே எனக்குன்னு நீங்க எதையும் செய்யாதீங்க. குடிக்கிற தண்ணிகூட நானே எடுத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து அப்படித்தான் நடக்கிறது.

வெல்டர் தெருவுக்குத் திரும்பி வந்தான். போக வேறு இடம் ஏது? ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே படுத்துக்கொண்டான். பகலில் வாசலில் உட்கார்ந்திருப்பான். அவன் தலை தெரிந்தால் தெருவில் கதவுகள் சாத்திக்கொள்ளும். கொலைகாரன் என்று பயந்து சாத்தினால் அதில் ஒரு மரியாதை இருந்திருக்கும். கொலைக்கேசில் அவனை ஜாமீனில் விட்டிருந்த நாட்களில்கூட இதே தெரு அவனோடு முகம் பார்த்துத்தான் பேசியது. இப்போது தையல்காரர் தன் கடைக்குப் பின்பக்கம் ஒரு வழி உடைத்துக்கொண்டார்.

தெருவே சேர்ந்து செயலாளரைப் பார்க்கப் போனோம். அவனை வேறு ஊருக்கு மாற்றிவிடுங்கள் என்றோம்.

"தண்டனை முடிஞ்சுபோன ஆளை நாங்க என்ன பண்ண முடியும்?" என்றார். "அவரு ஏதாவது தப்புப் பண்றாரா?"

"இல்லைங்க. சும்மா உக்காந்திருக்கான்."

"அப்புறம் என்ன?"

வந்த வழியே திரும்பி வந்தோம்.

பிறகு ஒரு நாள் அவன் தெருவைக் கடந்து என் கடைக்கு வந்தான். குப்புறக் கிடந்த ஒரு டயரின் மேல் உட்கார்ந்தான். நான் வேலையாக இருப்பதுபோல் வேலை செய்தேன்.

"எல்லாரும் ஒவ்வொருத்தரா வந்து சொல்லிட்டாங்கண்ணே" என்றான். "தையல்காரரு அமுக்கலையாம். விளக்கு தானா எரிஞ்சுதாம். சலூன்காரரு கூப்பிட்டு ஓசியில சவரம் பண்ணிவிட்டாரு. பண்ணிக்கிட்டே, 'நான் கையை மேல வெச்சேன், அவ்வளவுதான்'னாரு. கத்தி கழுத்துல இருக்கும்போது சொல்றாரு, கை என்ன நடுக்கம்ங்கிறீங்க! நானே அவரு மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டேன். கூட்டிக் கழிச்சுப் பார்த்தா நம்ம தெருவுல யாருமே அமுக்கலண்ணே."

கேள்வி எதுவும் கேட்கவில்லை. கடையிலிருந்து வீட்டுக்குள் போகும் வாசலில் என் வீட்டுக்காரி வந்து நின்றது முதுகுக்குத் தெரிந்தது. அவளுக்காகவாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இருந்தது. அமுக்கினேன்டா, இரண்டு தடவை அமுக்கினேன். நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"எனக்குத்தான் பொத்தானே குடுக்கலையே" என்றேன்.

"ஆமாண்ணே. அன்னிக்கே சொன்னீங்க" என்றான். சின்னப் பிள்ளை சொல்வதற்குப் பெரியவர்கள் ஆமாம் போடுவது போல இருந்தது. உள்ளே கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டான். "லேத்துக்காரரு வீட்டம்மா மட்டும்தான்ணே. நான் வந்த அன்னிக்கே நேரா எதிர்ல வந்து நின்னாங்க. 'எனக்குக் குடுத்திருந்தா ரெண்டு கையாலயும் அமுக்கியிருப்பேன்டா'ன்னு மூஞ்சியைப் பார்த்துச் சொன்னாங்க." தெருவின் மறுபக்கத்தைக் காட்டினான். "அங்கதான் போறேன். காலையில போகல. தேடுவாங்க."

போய் அந்த வீட்டு வாசலில் நின்றான். கதவு உடனே திறந்தது. அந்தம்மா படியில் நின்று ஆரம்பித்தது. என் புருஷன் என்ன பாவம் செய்தார், உன் கை அழுகாதா, நீ எதற்கு உயிரோடு திரும்பி வந்தாய், எல்லாவற்றையும் அவன் கண்ணைப் பார்த்தே கேட்டது. அவனும் தலையைக் குனியாமல் கேட்டுக்கொண்டு நின்றான். அழுதான் என்று நினைக்கிறேன். அந்தம்மாவும் அழுதது. குரல் கம்மியதும் உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் எடுத்து வந்து குடித்துவிட்டு, மறுபடி ஆரம்பித்தது. இது தினம் நடக்கிறது.

அந்த நேரத்தில் புதிதாக ஒரு பையன் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். நான் டயரைக் கழற்றுகிறவரை அந்த வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க பெரியவரே, அந்தம்மா அந்த ஆளை இந்தத் திட்டு திட்டுறாங்க? தெருவுல இத்தனை வீடு இருக்கு. ஒருத்தராவது போய் என்ன ஏதுன்னு கேக்கக் கூடாதா?"

தெருவைப் பார்த்தேன். ஒவ்வொரு கதவும் ஒரு கண் அளவுக்குத் திறந்திருந்தது.

"அடுத்தவங்க விஷயத்துல நாங்க தலையிடறதில்ல, தம்பி" என்றேன்.

"நல்ல தெருங்க" என்று சொல்லிவிட்டு அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.